நோயில்லாத பிள்ளைக்கு எதற்குப் பரிசோதனை?

"கல்லு மாதிரி இருக்கேன். எனக்கு எதுக்கு டெஸ்ட்?" ஆம்பூர் பக்கத்தில் ஒரு காலனியில், ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் 22 வயது இளைஞர் நம்மிடம் கேட்டது இது. அவருடைய அம்மா நுரையீரல் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். வீடு ஒரே அறை. ஐந்து பேர் அதில்தான் படுக்கிறார்கள்.

அவர் சொல்வது பொய்யல்ல. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. ஆனால் காசநோய்க் கிருமி உடம்புக்குள் போன உடனே நோயாக வெளிப்படுவதில்லை. பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். அந்த நிலையில் அது யாருக்கும் பரவாது. 2019-21-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. தொற்று உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் என்றாவது நோய் வரும். தொற்றிய முதல் 2 ஆண்டுகளில்தான் ஆபத்து அதிகம். அரை வயிற்றுச் சாப்பாடும் சர்க்கரை நோயும் அதை இன்னும் கூட்டும்.

முன்பு தடுப்பு மாத்திரை சிறு குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும்தான் கிடைத்தது. 2021-ல் வந்த தேசிய வழிகாட்டுதல், நோயாளியின் வீட்டிலுள்ள எல்லா வயதினரையும் சேர்த்துக்கொண்டது. நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, வாரம் ஒருமுறை வீதம் 12 வாரமோ, தினமும் 6 மாதமோ மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள்? தோல் பரிசோதனை என்றால் இன்று கையில் ஊசி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வீக்கத்தை அளக்க மறுபடி போக வேண்டும். இரண்டு நாள் சம்பளம் போகும். அதோடு, வாசலில் ஜீப் நின்றால் தெரு முழுக்கப் பேச்சு. சாதியைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் மேல் நோயின் பெயரும் ஏறினால், பெண் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சே நின்றுவிடும் என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை, வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-லேயே உலகுக்கு நிரூபித்தது சென்னையில் நடந்த ஆய்வுதான். ஒதுக்கி வைப்பது மருத்துவம் ஆகாது.

சுகாதாரத் துறையிடம் நாம் கேட்பது பெரிதல்ல. வெள்ளிக்கிழமை மாலை காலனிக்கு வந்து ஊசி போட்டால், ஞாயிறு மாலை வீக்கத்தைப் பார்த்துவிடலாம். யார் கூலியும் போகாது. பெயர்களைத் தெருவில் கூப்பிட வேண்டாம். உணவையும் சேர்த்துக் கொடுங்கள். ஜார்க்கண்டில் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்ததில், அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னோம். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நானே முதல்ல கையை நீட்டுறேன்" என்றார்.