மரச்சட்டத்தில் தொங்கும் குகை

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெரிய பண்ணை வீட்டுக்காரர்கள் தோட்டத்தில் குளம் வெட்டுவதைப் போலவே குகையும் கட்டினார்கள். கவிஞர் அலெக்சாண்டர் போப், வீட்டையும் தோட்டத்தையும் பிரித்த சாலைக்கு அடியில் சுரங்கவழி அமைத்து, அதன் சுவரில் சிப்பிகளையும் கனிமங்களையும் பதித்தார். ஆனால் வேலைப்பாட்டுக்காக ஒன்றைச் சொல்லச் சொன்னால், சர்ரே பகுதியிலுள்ள பெய்ன்ஸ்ஹில் தோட்டத்துக் குகையைத்தான் சொல்வேன்.

1738இல் அந்தத் தோட்டத்தை உருவாக்கத் தொடங்கிய சார்லஸ் ஹாமில்டன், ஏரிக்கு நடுவே ஒரு தீவில் இந்தக் குகையை 1760களில் எழுப்பினார். கட்டியவர் டிஸ்பரி ஊரைச் சேர்ந்த ஜோசப் லேன் என்ற கைவினைஞர்.

இயற்கைக் குகையின் கூரையில் தொங்கும் சுண்ணாம்புக்கல் விழுதுகள் ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வது அரிது. லேன் அவற்றைத் தச்சு வேலையாக்கினார். மெல்லிய மரச்சட்டங்களைத் தலைகீழ்க் கூம்புகளாக அடித்துக் கூரையில் மாட்டி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, ஜிப்சம், கால்சைட், குவார்ட்ஸ், ஃபுளூரைட் படிகங்களை ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். சுவரில் ஏரியைப் பார்த்துத் திறப்புகள் விட்டார்கள். நீரில் பட்டுத் திரும்பும் வெயில் அவற்றின் வழியே ஏறிவந்து கூரைப் படிகங்களில் அலையும். விளக்கே இல்லாமல் இப்படி ஒளியை ஆளத் தெரிந்தது பெரிய திறமை.

இயற்கைக் குகையில் விழுதை வளர்ப்பது சொட்டும் நீர். இங்கோ நீர்தான் முதல் எதிரி. நகத்தால் கீறினாலே கோடு விழும் ஜிப்சம், நீரில் சிறிது சிறிதாகக் கரையும். ஈரம் ஏறினால் சாந்து விட்டுப்போகும், மரம் உளுத்துவிடும். மழை இறங்காதபடி குகையைக் காத்தது கூரைமேல் போட்ட ஈயத் தகடுதான். கடன் தொல்லையால் ஹாமில்டன் 1773இல் தோட்டத்தை விற்றார். தோட்டம் பல கைகள் மாறியபின், பிற்காலத்தில் அந்த ஈயத்தைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பெரிய அறையின் கூரை இடிந்து விழுந்தது.

1980இல் உள்ளாட்சி மன்றம் தோட்டத்தின் பெரும்பகுதியை வாங்கியது. மறு ஆண்டு அமைந்த அறக்கட்டளை சீரமைப்பில் இறங்கியது. மரக்கூம்பு, சுண்ணாம்புச் சாந்து, கையால் ஒட்டிய படிகம் என்று பழைய முறையிலேயே கூரையை மீட்டார்கள். பெரிய அறை 2013இல் திறந்தது. பார்க்கப் போகிறவர்கள் நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் போகவேண்டும். மூடாப்பு நாளில் கூரை பாதி அழகைத்தான் காட்டும்.