ஓட்டையுள்ள ஒளிக்கற்றை

உளுந்து வடையை அறியாதவர் யார்? சுற்றிலும் மா, நடுவே ஓட்டை. ஒளிக்கற்றையையும் இதே வடிவில் ஆக்கலாம் என்றால் நம்புவீர்களா? ஆம்! அத்தகைய ஒளியே இன்று உயிருள்ள கலங்களின் நுண்ணிய பாகங்களைக் காட்டித் தருகிறது.

வில்லையால் எவ்வளவுதான் குவித்தாலும் ஒளி ஒரு புள்ளியாகிவிடாது. சிறியதொரு பொட்டாகவே விழும். ஒளி அலையாகப் பரவுவதே காரணம். அப்பொட்டைவிட நெருக்கமாயுள்ள இரு பொருட்கள் நுணுக்குக்காட்டியில் ஒன்றாகவே தெரியும். 1873இல் ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் அபே இந்த எல்லையை விளக்கினார். அது ஏறத்தாழ மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. ஜெனா நகரிலுள்ள அவரது நினைவுச் சின்னத்தில் அந்தச் சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது.

இலத்திரன் நுணுக்குக்காட்டி இதைவிடச் சிறியவற்றையும் காட்டும். ஆனால் அதில் உயிருள்ள கலத்தைப் பார்ப்பது இயலாத காரியம்.

ருமேனியாவில் பிறந்து ஜேர்மனியில் குடியேறிய ஸ்டெபான் ஹெல், பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் வேறுவிதமாகச் சிந்தித்தார். பொட்டைச் சிறிதாக்க முடியாதென்றால், அதன் ஓரங்களை அணைத்துவிட்டால் என்ன? 1994இல் இந்த யோசனையை வெளியிட்டார். பலர் ஐயத்துடனேயே நோக்கினர். 2000ஆம் ஆண்டில் பரிசோதனை மூலம் நிரூபித்துக் காட்டினார்.

முறை இதுதான். கலத்தின் பாகங்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றப்படும். முதலாவது லேசர் கற்றை சாயத்தை ஒளிரத் தூண்டும். உடனே வடை வடிவிலான இரண்டாவது கற்றை விழுந்து, தான் படும் இடத்துச் சாயத்தை அடக்கிவிடும். ஓட்டைக்குள் அகப்பட்ட சாயம் மட்டுமே ஒளிரும். இரண்டாவது கற்றையின் வலிமை கூடக் கூட ஒளிரும் இடம் சுருங்கும். இவ்வாறு இடம் இடமாக நகர்த்தி முழுப்படமும் பெறப்படுகிறது.

ஓட்டை எப்படி வருகிறது? சுழற்படிக்கட்டைப் போல் தடிப்பு சுற்றிச் சுற்றி உயரும் கண்ணாடித் தகட்டினூடாகக் கற்றையைச் செலுத்துவது ஒரு வழி. தடித்த பக்கத்தால் செல்லும் அலை சற்றுப் பிந்தும். எனவே நடுவில் ஓர் அலையின் மேடும் எதிர்ப்பக்க அலையின் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அங்கே இருள்!

2014இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசை ஹெல், இரு அமெரிக்க விஞ்ஞானிகளுடன் பகிர்ந்துகொண்டார். அதற்கு முன்பே, 2012இல், அவரது குழுவினர் உயிருள்ள எலியின் மூளையில் நரம்புக் கலங்களின் நுண்ணிய முட்களை இம்முறையால் படம் பிடித்திருந்தனர். நாம் புதிதாக ஒன்றைக் கற்கும்போது மூளையில் மாற்றமடைபவற்றுள் இத்தகைய முட்களும் அடங்கும்.