திரை சொல்ல வேண்டியது

மாணவர்களே! விடுமுறையில் ஊருக்குச் செல்ல உங்கள் பெற்றோர் தட்கல் பயணச்சீட்டு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்பதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் முன்பதிவு தொடங்குகிறது. அவ்வேளையில் நாடெங்கிலுமிருந்து மக்கள் ஒரே தளத்தை நாடுவர். இத்தகைய தளங்களைத் தாங்கி நிற்கும் கணினிகளே சேவையகங்கள்.

சேவையகத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல், செயல்முறை எனப்படும். பக்கங்களை அனுப்புவது ஒன்று; தரவுத்தளத்தைக் காப்பது மற்றொன்று. இவற்றுள் ஒன்று நின்றாலும் தளம் முடங்கக்கூடும். ஆகவே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை இவற்றைச் சோதித்துத் திரையில் காட்டும் கண்காணிப்பு மென்பொருள்கள் உருவாயின. அவற்றுள் புகழ்பெற்றது நாகியோஸ். அமெரிக்கரான ஈத்தன் கால்ஸ்டட் 1999ஆம் ஆண்டு இதனை 'நெட்செயின்ட்' என்னும் பெயரில் வெளியிட்டார்.

நாகியோஸின் ஒவ்வொரு சோதனையும் ஓர் எண்ணை விடையாகத் தரும். 0 என்றால் நலம், 1 எச்சரிக்கை, 2 நெருக்கடி, 3 என்றால் நிலையை அறிய இயலவில்லை. இவை திரையில் முறையே பச்சை, மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களில் தோன்றும். நிறம் மட்டும் போதாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் நம்மிடையே உள்ளனர்.

'எச்டிடிபிடி: 0' என்று ஒரு வரி தோன்றுவதாகக் கொள்வோம். இரவு 2 மணிக்குப் பணியிலிருக்கும் புதியவர், 0 என்பதை நலம் என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் இங்கு 0 என்பது இயங்கும் செயல்முறைகளின் எண்ணிக்கை. அதாவது, எல்லாம் நின்றுவிட்டன! 'நெருக்கடி: இணையப் பக்கங்களை அனுப்பும் செயல்முறை ஒன்றும் இயங்கவில்லை, குறைந்தது 5 தேவை' என்று எழுதியிருந்தால் ஐயத்திற்கு இடமில்லை. எது நின்றது, எத்தனை இருக்க வேண்டும் என்னும் இரண்டும் அவ்வரியிலேயே உள்ளன.

ஒரே நிரல் 40 செயல்முறைகளாக இயங்குவதும் உண்டு. அவற்றை 40 வரிகளாக அடுக்கினால் பழுதான வரி கூட்டத்தில் மறைந்துவிடும். ஒரே வரியில் எண்ணிக்கையைக் காட்டுவதே நன்று.

'அறிய இயலவில்லை' என்பதைப் பச்சையில் காட்டுவதே எல்லாவற்றினும் பெரும்பிழை என்பேன். வகுப்பறையை எட்டிப் பார்க்காமலேயே அனைவரும் வந்துள்ளதாக வருகைப் பதிவேட்டில் குறிப்பதற்கு அஃது ஒப்பாகும்.

செய்து பார்க்க: 'அஞ்சல்: 0' என்னும் வரியை, புதிதாகப் பணிக்கு வந்தவருக்கும் விளங்குமாறு முழுத்தொடராக மாற்றி எழுதுக.