நிலக்கரியுடன் உயிர்த்திரள் எரித்தல்: உமிழ்வுக் குறைப்பைக் கணக்கிடும் முறை

அனல்மின் நிலையங்கள் நிலக்கரியுடன் 5 விழுக்காடு உயிர்த்திரள் உருண்டைகளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2021 அக்டோபரில் கொள்கை வகுத்தது. இதனால் குறையும் கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிட எடையன்று, வெப்ப மதிப்பே அடிப்படை. கிலோவுக்கு 4,000 கிலோகலோரி தரும் நிலக்கரிக்கு மாற்றாக 3,500 கிலோகலோரி தரும் உருண்டைகளைக் கொண்டால், ஒரு டன் உருண்டை 0.875 டன் நிலக்கரியையே ஈடுசெய்யும். தவிர்க்கப்படும் உமிழ்வு ஏறத்தாழ 1.4 டன். இதிலிருந்து உலர்த்தல், உருண்டையாக்கல், போக்குவரத்து ஆகியவற்றின் உமிழ்வைக் கழித்தல் வேண்டும்.

அக்கழிவின் வழக்கமான பயனும் கருதத்தக்கது. பஞ்சாபில் வயலிலேயே கொளுத்தப்படும் நெல்தாளைத் திரட்டுவது கூடுதல் நன்மை. மதுரைச் சமவெளியிலோ வைக்கோல் மாட்டுத் தீவனமாகும். அதனைத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திற்கு அனுப்பினால், மாற்றுத் தீவனத்தின் உமிழ்வும் கணக்கில் சேரும். எனவே இப்பகுதியில் மொத்த விளைச்சலை அன்று, உள்ளூர்த் தேவை போக எஞ்சுவதை மட்டுமே எரிபொருளாகக் கொள்வது தகும்.