நம் தெருவில் பெய்த மழை எந்தக் கடலுக்குப் போகிறது?

மழை விட்ட மறுநாள் காலையில் தெருவில் தேங்கியிருந்த தண்ணீரைக் காணோம் என்றால், "வடிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வடிந்து எங்கே போனது என்று அவலூர்பேட்டையின் பெரியவர்களைக் கேட்டால், ஓர் ஓடையின் பெயரும் ஓர் ஏரியின் பெயரும் சொல்வார்கள். அந்த ஏரி நிரம்பினால் அடுத்து எந்த ஏரி, அதன் பிறகு எந்த ஆறு, கடைசியில் கடலை எங்கே தொடுகிறது என்று கேட்டால் பலருக்கும் பதில் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் குறைவு. இந்த வழியைக் கண்ணால் காட்டும் மென்பொருள்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் கைப்பேசி எப்படியும் இருக்கிறது. அதில் இதையும் பார்க்கலாமே என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'ரிவர் ரன்னர்' என்ற இணையதளத்தைச் சொல்கிறேன். 2021-இல் அமெரிக்காவைச் சேர்ந்த சாம் லேர்னர் உருவாக்கியது. முதலில் அந்த நாட்டுக்கு மட்டும் இருந்தது, பிறகு உலகம் முழுவதற்கும் விரிந்தது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால், அங்கே விழுந்த ஒரு மழைத்துளி எந்த ஓடை, எந்த ஆறு வழியாகக் கடலுக்குப் போகும் என்பதை, பறவை பறந்து பார்ப்பதுபோல் திரையில் ஓட்டிக் காட்டும். பெயர்கள் ஆங்கிலத்தில்தான் வரும். நம் ஊர்ச் சிற்றோடைகளுக்கு அதில் பெயரே இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். ஓடையின் பெயர் அவர்களுக்குத் தெரியும், அது போகும் வழி பிள்ளைக்குத் தெரியும்.

செஞ்சியில் ஆற்றுப்பாலத்தின் மேல் ஒரு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். அது சங்கராபரணி. வராக நதி என்றும், செஞ்சி ஆறு என்றும் சொல்வார்கள். நம் பக்கத்து மலையனூர்க் குன்றுகளில் பிறந்து, செஞ்சியைக் கடந்து, வீடூர் அணையில் தொண்டியாற்றோடு சேர்ந்து, புதுச்சேரிப் பகுதிக்குள் நுழைந்து வில்லியனூர் பக்கமாக ஓடுகிறது. முடிவில் அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என்று பிரிந்து வங்கக் கடலில் கலக்கிறது. மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர்தான். கங்கை, காவிரியோடு பார்த்தால் சின்ன ஆறு. ஆனால் பிறக்கும் இடமும் கடலில் சேரும் இடமும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரத்தில் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி.

அவலூர்பேட்டையின் எல்லாத் தெருவும் ஒரே பக்கம் வடியும் என்று நினைத்துவிடாதீர்கள். மேடு பள்ளம் மாறினால் தண்ணீரின் திசையும் மாறும். உங்கள் வீட்டைத் தொட்டு ஒரு முறையும், பள்ளிவாசலைத் தொட்டு ஒரு முறையும், உங்கள் நிலத்தைத் தொட்டு ஒரு முறையும் பாருங்கள்.

இது வெறும் வேடிக்கை இல்லை என்பது 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது தெரிந்தது. புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு ஏக்கர் நிலத்தில் 50 சென்டிமீட்டர் என்றால் 20 லட்சம் லிட்டர் தண்ணீர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் 160-க்கும் மேல் வந்து ஒரு ஏக்கரில் கொட்டினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீடூர் அணையின் முழு உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அது நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டபோது, சங்கராபரணிக் கரையில் புதுச்சேரிப் பகுதியின் தாழ்வான ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மேலே ஏரிகளும் வரத்துக் கால்வாய்களும் தூர்ந்து கிடந்தால், அங்கங்கே தங்க வேண்டிய தண்ணீர் ஒரே மூச்சில் கீழே ஓடுகிறது. இங்கே கோடையில் கிணறு வற்றுவதும், அங்கே மழையில் வீடு மூழ்குவதும் பெரும்பாலும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள். வில்லியனூரில் உறவினர் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளம் மட்டும் கீழே போவதில்லை. கோழிக்கடைக் கழிவு, கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் டம்ளர், குர்பானி முடிந்த மாலையில் ஓடையோரம் விடப்படும் மூட்டை எல்லாமே முதல் பெருமழையில் நகரத் தொடங்குகின்றன. நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திரையில் அந்தத் துளி போகும் வழியைப் பார்த்த ஒரு சிறுவன் என்னிடம், "அப்போ நாம போட்டது மீன்காரங்க வலையிலயா மாட்டும்?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆறு சேரும் கடற்கரையைப் பார்க்க 'கூகுள் எர்த்' உதவும். 2005-இல் வந்த இந்த மென்பொருளில் முதலில் நிலம் மட்டுமே விவரமாக இருந்தது, கடல் வெறும் நீல விரிப்பு. கடல் ஆய்வாளர் சில்வியா ஏர்ல், உலகத்தில் பெரும்பகுதி கடலாக இருக்க, இதற்குக் 'கூகுள் மண்' என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும் என்ற பொருளில் அதன் தயாரிப்பாளரிடமே கேலியாகக் கேட்டார். 2009-இல் கடலடித் தரையும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு வாரியாகத் தள்ளிப் பார்க்கும் வசதியும் வந்தது. நமக்கு அதிகம் பயன்படுவது இந்த இரண்டாவதுதான்.

அதில் அரியாங்குப்பத்தாற்றின் முகத்துவாரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். துறைமுகத்திற்காக 1980-களின் இறுதியில் கடலுக்குள் நீட்டிய இரண்டு கற்சுவர்கள் தெரியும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் குறுக்கே வந்ததால் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே புதுச்சேரி நகரக் கடற்கரை அரித்துப்போய்ப் பாறைகளை அடுக்க வேண்டி வந்தது. 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் இரும்பாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு தலைமைச் செயலகம் பக்கத்தில் மணற்கரை மீண்டும் சேர்ந்தது. ஆண்டுப் பட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினால் கரை மறைவதும் திரும்புவதும் தெரியும். கரைக்கு வரும் மணலில் ஆறுகள் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. மேலே அணையில் தங்குவதும், லாரியில் ஏறுவதும் கடலுக்குப் போய்ச் சேராது.

இனி நம் ஏரிக்கு வருவோம். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2016-இல் வெளியிட்ட உலக மேற்பரப்பு நீர் வரைபடம், 1984 முதலான லேண்ட்சாட் படங்களை ஒன்றாகச் சேர்த்து, எந்த இடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்பதை நிறத்தில் காட்டுகிறது. எப்போதும் நீர் உள்ள இடம் அடர் நீலம், எப்போதாவது நிற்கும் இடம் இளஞ்சிவப்பு. நம் பக்கத்து ஏரிகளில் அடர் நீலத்தை எதிர்பார்க்காதீர்கள், இவை மழைக்கால ஏரிகள். அதில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர் சதுரம். அதைவிடச் சின்னக் குளமும் குட்டையும் தெரியாது. இஸ்ரோவின் 'புவன்' தளமும் 2009-லிருந்து இருக்கிறது. 100 நாள் வேலையில் செய்த பணிகளை இடத்தோடு படமெடுத்துப் பதிந்த விவரங்களை அதில் பார்க்கலாம். ஏரி தூர்வாரியதாகக் கணக்கு இருந்தால், எந்த ஏரி, எந்த இடம் என்று தேடலாம்.

படத்தைப் பார்த்ததும் யாரோடும் சண்டைக்குப் போய்விடக் கூடாது. ஏரிக்குள் பச்சையாகத் தெரிவது பயிரா, சீமைக் கருவேலமா, ஆகாயத்தாமரையா என்று மேலிருந்து சொல்வது கடினம். மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் பக்கத்தில் வைத்து "ஏரி காணாமல் போய்விட்டது" என்று சொன்னால் ஏமாறுவோம். ஒப்பிட்டால் ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிட வேண்டும். ஏரி எவ்வளவு ஆழம் தூர்ந்திருக்கிறது என்பதை எந்தப் படமும் சொல்லாது. நிலம் யாருடையது என்பதையும் சொல்லாது. அதற்குக் கிராம வரைபடமும் 'ஏ' பதிவேடும் வேண்டும். ஒரு முறை நேரில் நடந்து பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

சரியாகப் பார்த்து வைத்தால் பயன் உண்டு. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. மனுவில் "கால்வாய் அடைபட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும். புல எண், பத்து ஆண்டு இடைவெளியில் ஒரே மாதத்து இரண்டு படங்கள், அடைப்பு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் என்று கொடுத்தால் அதிகாரியும் அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்காது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22-ஆம் தேதிக் கூட்டம் உலகத் தண்ணீர் தினத்தன்று நடப்பது. ஓடையை நடந்து பார்த்து, படத்தை அச்செடுத்து, தெருவில் மற்ற சமூகத்து அண்டை வீட்டாரிடமும் கையெழுத்து வாங்க ஒரு மாதம் போதும். பிப்ரவரியில் தொடங்கிவிடுங்கள்.