கார்புரேட்டர் சவ்வு

கார்புரேட்டர் சவ்வு என்பது உந்துருளிகளில் (மோட்டார் சைக்கிள்களில்) பயன்படும் வெற்றிடவகைக் கார்புரேட்டரின் மேல்மூடிக்கு அடியில் அமைந்துள்ள மெல்லிய ரப்பர்த் தகடு ஆகும். பட்டறைகளில் இது டயாபிரம் எனப்படுகிறது. பொதுவாக அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்ட இத்தகடே, பொறிக்குச் (எஞ்சினுக்கு) செல்லும் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியை ஏற்றி இறக்குகிறது. இதனைக் கழற்றுவது எளிது. திரும்பப் பொருத்தும்போதுதான் பெரும்பாலும் கிழிகிறது.

வரலாறு

காற்றின் அழுத்த வேறுபாட்டைக் கொண்டே கார்புரேட்டரின் திறப்பைச் சரிசெய்யும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய எஸ்.யூ. கார்புரேட்டரில் இடம்பெற்றது. அதன் முதல் வடிவத்தில் ரப்பர் இல்லை; தோலால் ஆன துருத்தி இருந்தது. ஸ்கின்னர் குடும்பத்தின் தொழில் காலணி வணிகம் என்பதை நினைத்தால் இது வியப்பன்று. பின்னர் துருத்தியின் இடத்தை உலோக உருளை பிடித்தது. ரப்பர்ச் சவ்வு அதற்கும் பின்னரே பரவியது. 1969இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஆர்75/5 உந்துருளியின் பிங் கார்புரேட்டர்கள் சவ்வு கொண்டவை. இந்தியாவில் 2009இல் அறிமுகமான ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியிலும் 29 மி.மீ. வெற்றிடவகைக் கார்புரேட்டரே பொருத்தப்பட்டிருந்தது.

செயற்படும் முறை

பழைய வகைக் கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் கம்பி, ஸ்லைடு எனப்படும் நகரும் உருளையை நேரடியாக மேலே இழுக்கும். கைப்பிடியைத் திடீரென முறுக்கினால் காற்றுவழி ஒரேயடியாக அகன்றுவிடும். அப்போது காற்றின் வேகம் குறைவதால், ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இழுவையும் தளரும். பொறி ஒரு கணம் திணறும்.

வெற்றிடவகையில் கம்பி அசைப்பது பொறிக்கு அருகிலுள்ள வட்டத்தகட்டு வால்வை மட்டுமே. ஸ்லைடு கம்பியுடன் இணைக்கப்பட்டிராது. சவ்வின் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். சவ்வு தன்னைச் சூழ்ந்த அறையை இரண்டாகப் பிரிக்கிறது. கீழறைக்கு வெளிக்காற்றின் அழுத்தம் கிடைக்கும். மேலறை, ஸ்லைடின் அடியிலுள்ள சிறு துளை வழியாகக் காற்றுவழியின் குறுகிய பகுதியுடன் தொடர்பு கொண்டிருக்கும். குறுகிய இடத்தில் காற்று விரைந்து பாயும்போது அங்கு அழுத்தம் குறைகிறது; எனவே மேலறையிலும் அழுத்தம் குறைகிறது. கீழறையின் அழுத்தம் சவ்வை மேலே தள்ள, ஸ்லைடும் ஊசியும் உயர்கின்றன. சுருள்வில்லும் ஸ்லைடின் எடையும் இதனை எதிர்க்கின்றன. ஸ்லைடு உயர்ந்தால் வழி அகன்று காற்றின் வேகம் தணியும். இரு விசைகளும் சமமாகும் இடத்தில் ஸ்லைடு நிற்கும். இவ்வாறு காற்றின் வேகம் ஏறத்தாழ மாறாமல் இருப்பதால் இவ்வகைக்கு நிலைவேகக் கார்புரேட்டர் என்ற பெயரும் உண்டு.

பழுதின் அறிகுறிகள்

சவ்வில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் காற்று கீழறையிலிருந்து மேலறைக்குக் கசியும். அழுத்த வேறுபாடு குறைந்து, ஸ்லைடு போதிய உயரம் ஏறாது. ஆனால் பொறி வழக்கம்போலக் கிளம்பும். நின்ற நிலையில் சீராகவும் ஓடும். ஏனெனில் அந்நிலைக்கான பெட்ரோல் தனியான சிறு ஜெட் வழியாக வருகிறது. கைப்பிடியை முறுக்கிய பின்னரே வண்டி இழுக்க மறுக்கும். இதனால் கிளட்ச், பிளக், காற்று வடிகட்டி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து மாற்றிவிட்டு, இறுதியில் மேல்மூடியைத் திறப்பவர் பலர். பெரிய ஜெட் போட்டுப் பார்ப்பதும் உண்டு. ஊசி உயராதபோது அதனால் பயனில்லை.

மூடியைத் திறந்து சவ்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புகளை விரல்களால் மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் மடிப்புகளிலும், சவ்வு ஸ்லைடுடன் சேரும் விளிம்பிலும் இருக்கும்.

திரும்பப் பொருத்துதல்

சவ்வின் வெளிவிளிம்பில் தடித்த வளையம் ஒன்று உண்டு. கார்புரேட்டர் உடலில் உள்ள பள்ளத்தில் இது முழுவதுமாக அமர வேண்டும். பல மாதிரிகளில் விளிம்பில் ஒரு சிறு நாக்கும் இருக்கும். அதை அதற்குரிய வெட்டில் பொருத்தினால்தான் ஸ்லைடு சரியான திசையில் நிற்கும்.

பெட்ரோலிலோ கார்புரேட்டர் கழுவும் திரவத்திலோ நனைந்த ரப்பர் அத்திரவத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய சவ்வு பள்ளத்தைவிடப் பெரிதாகி, ஒரு பக்கம் அமர்ந்தால் மறுபக்கம் எழும்பும். அதன்மேல் மூடியை வைத்துத் திருகினால் மடிப்பு நசுங்கிக் கிழிந்துவிடும். "சவ்வு விரிந்துவிட்டது, புதிது வேண்டும்" என்று சொல்லப்படுபவற்றில் பல உண்மையில் உப்பியவையே. நிழலில் ஓர் இரவு உலரவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். பல மாதிரிகளில் சவ்வு ஸ்லைடுடன் சேர்ந்தே விற்கப்படுவதால், இந்தப் பொறுமை மிச்சப்படுத்தும் தொகை சிறிதன்று. உலோகப் பாகங்களைக் கழுவித் தெளிக்கும் முன் சவ்வை எடுத்துத் தனியே வைப்பதே சரியான முறை.

பொருத்தும்போது காற்று நுழையும் பக்கத்திலிருந்து ஒரு விரலை விட்டு ஸ்லைடைச் சற்று மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது சவ்வு இழுபடாமல் தளர்ந்து, வளையம் பள்ளத்திலேயே நிற்கும். சுருள்வில் கோணாமல் நேராக அமர்ந்ததை உறுதிசெய்து மூடியை வைத்து, குறுக்கெதிர்த் திருகாணிகளை முதலில் கையால் இறுக்க வேண்டும். அதுவரை விரலை எடுக்கலாகாது. உடல் மென்மையான உலோகக் கலவையால் ஆனது. மிகையாக இறுக்கினால் மரை அழியும்.

பின்னர் ஸ்லைடை முழுவதும் தூக்கி விட்டுப்பார்க்க வேண்டும். அது தடையின்றி ஏறி, சற்றுத் தாமதித்து இறங்க வேண்டும். தூக்கிய நிலையில் கீழறையின் காற்றுத்துளையை விரலால் அடைத்துக்கொண்டு ஸ்லைடை விட்டால், நல்ல சவ்வு மிக மெதுவாகவே இறங்கவிடும். சட்டென்று விழுந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, அல்லது வளையம் பள்ளத்தில் அமரவில்லை.

கிழிந்த சவ்வைச் சைக்கிள் பஞ்சர் பசையால் ஒட்டுவதும் உண்டு. பெட்ரோல் ஆவி அப்பசையை இளக்கிவிடும். ஒட்டிய இடம் விறைத்து அருகிலேயே புதிய விரிசலும் விழும். வீடு சேரும்வரை மட்டுமே இதை நம்பலாம்.

பிற சவ்வுகள்

சில உந்துருளிகளில் வெற்றிடத்தால் திறக்கும் பெட்ரோல் குழாயிலும் ரப்பர்ச் சவ்வு உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் வெற்றிடக் குழல் வழியாகப் பொறிக்குள் இறங்கி, எண்ணெயுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். எண்ணெயில் பெட்ரோல் வாடை வீசினால் பொறியை இயக்காமல் முதலில் இதனைச் சோதிக்க வேண்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய உந்துருளிகளில் எரிபொருள் உட்செலுத்து முறை கார்புரேட்டரின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய வண்டிகள் எத்தனால் கலந்த பெட்ரோலிலும் ஓடவேண்டியுள்ளது. சில வகை ரப்பர்கள் தனிப் பெட்ரோலைவிட இக்கலவையில் கூடுதலாக உப்புகின்றன.