திசுவின் நெசவும் தொழுநோயும்

அரபு மொழியில் உடலின் திசுவுக்கு 'நஸீஜ்' என்று பெயர். நெய்யப்பட்டது என்பது பொருள். தறியில் இழை தானாக நகர்வதில்லை. உடலிலோ இழைகளாகிய உயிரணுக்களே நகர்ந்து, ஒன்றையொன்று தொட்டறிந்து தம் இடத்தில் அமர்கின்றன. செங்கற்பட்டை அடுத்த திருமணியில், 1955ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் ஆய்வு நிலையம் ஆராய்ந்துவரும் தொழுநோயே இதற்குத் தக்க சான்று.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சென் கண்டறிந்த அந்நோயின் கிருமி ஒன்றே. அது உடலில் வரையும் படங்களோ இரண்டு. கிருமி புகுந்த இடத்தை நோக்கி, வேதிப்பொருள்கள் வழிகாட்ட, இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் வெளியேறி வருகின்றன. அவற்றுள் விழுங்கணுக்கள் கிருமியை உட்கொள்கின்றன. நிணநீரணுக்கள் அவற்றைத் தொட்டு, இன்டர்ஃபெரான்-காமா என்னும் பொருளைச் சுரந்து, கொல்லும் ஆற்றலை ஊட்டுகின்றன. தூண்டப்பெற்ற விழுங்கணுக்கள் நெருங்கிப் பின்னிக்கொண்டு 'கிரானுலோமா' என்னும் கோட்டையாகின்றன. சி.டி.4 வகை நிணநீரணுக்கள் அதன் உள்ளே பரவியிருக்க, சி.டி.8 வகை விளிம்பில் வளையமாய் நிற்கின்றன. வரைபடம் தந்த மேஸ்திரி அங்கு எவருமிலர்.

மற்றொரு நோயாளியிடம் அதே உயிரணுக்கள் வந்து சேர்ந்தும் கோட்டை எழுவதில்லை. இரு வகையும் ஒழுங்கின்றிக் கலந்து கிடக்க, விழுங்கணுக்கள் கொழுப்பேறி நுரைபோல் பருத்துக் கிருமிக்கே வீடாகின்றன. கிழக்கே மாமல்லபுரக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டோர்க்கு இது விளங்கும்: இரு வரிசையும் இசைந்து நெருங்கினால் மீன் அகப்படும், பிறழ்ந்தால் தப்பும். உவமை முற்றும் பொருந்தாதுதான். வலைஞர்க்கு நோக்கமுண்டு, உயிரணுவுக்கு அதில்லை.

இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலில், 'ஜுதாம்' எனும் இந்நோயில் உறுப்புகளின் வடிவமும் இறுதியில் அவற்றின் இணைப்புமே கெடுவதைக் குறித்தார். கரும்பித்தமே காரணம் என்ற அவர் கூற்று இன்று ஏற்கத்தக்கதன்று. இணைப்பைக் கண்ட பார்வை கூரியது.

எனினும் ஒழுங்கான கோட்டையும் முற்றிலும் நன்மையன்று. நரம்புக்குள் அது எழுந்தால் நரம்பே அழிகிறது. கை சுட்டாலும் தெரிவதில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். அழிந்த நரம்பை மீட்காது. 2005இல் இந்தியா இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து ஒழித்ததாக அறிவித்ததை, நோயே ஒழிந்ததென நம்மவர் பலர் பிழையாகக் கொண்டனர். உலகின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்நாட்டினரே. உணர்ச்சியற்ற தேமலை வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்குள் அந்த நெசவு தொடர்கிறது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.